இருபத்திரண்டு மில்லிமீட்டர்

முதலில் கையில்தான் தெரிந்தது.
மூக்குத் தாங்கியின் திருகு
அரிசிக் குருணையைவிடச் சின்னது.
ஏழு வருஷமாய்ப் பேசிக்கொண்டே பூட்டியவள்
அன்று மூன்று முறை தவறவிட்டேன்.
முழங்காலிட்டுத் தேடினேன்.
சூரிலிருந்து வந்த பெரியவரும்
கூடவே குனிந்து
தரையைத் தடவினார்;
அவர் கண்ணாடி என் கையில் இருந்தது.

ரூவியில் ஜூன் மாதம்
எல்லாருக்கும்தான் வியர்க்கும்.
அதனால் யாரும் கேட்கவில்லை.
ஒன்பது கிலோ குறைந்ததற்கு மட்டும்
வழியில் நிறுத்திக் கேட்டார்கள்:
என்ன டயட்?

அறையில் மூன்று கட்டில், ஒரு ரிமோட்.
நான் பதினெட்டில் வைப்பேன்.
லின்சி இருபத்தாறுக்கு ஏற்றிவிட்டு
தலையணை உறைக்குள் ஒளிப்பாள்.
இரவு இரண்டு மணிக்கு
ஏசிக்கு நேரே நின்று
நைட்டியின் கழுத்தை விரித்துப் பிடித்திருக்கிறேன்.
போர்வைக்குள்ளிருந்து பெனினா கேட்டாள்:
"உனக்குள்ள யாருடீ அடுப்பு வச்சது?"
பதில் சொல்ல மூச்சில்லை.
படுத்த இடத்திலேயே
வாடி கபீர் வரை ஓடித் திரும்பியிருந்தது இதயம்.

தலைவலி வேறு கணக்கு.
அது பத்தாம் வகுப்பிலிருந்தே என்னோடு வருகிறது,
விசா கேட்காமல் இங்கேயும் வந்தது.
முன்பு மாதம் ஒன்று,
இப்போது வியாழனுக்கு வியாழன்.
லிஃப்டில் யாரோ விட்டுப்போன பகூர் புகை போதும்,
எதிரே நிற்கும் காரின் கண்ணாடியில்
வெயில் ஒரு முறை திரும்பிப் படுத்தால் போதும்,
பார்வையின் ஓரத்தில்
வெட்டிய தகரம் போல ஒரு விளிம்பு மினுங்கும்.
பிறகு
எழுத்துப் பலகையில் ஐந்தாம் வரி இருக்காது.
"படிங்க" என்பேன்.
வாடிக்கையாளர் படிப்பார்.
சரியா தப்பா, எனக்குத் தெரியாது.
"நல்லது, அடுத்தது" என்பேன்.

"பனடால் போட்டியா?" என்பார் ஹேமந்த் பாய்.
இந்த ஊரில் எந்த நோய்க்கும்
பனடால்தான் வாசற்படி.
சரக்கறையில், விற்காத ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவே,
லென்ஸ் துடைக்கும் துணியை நனைத்துக்
கண்மேல் போட்டுக் கிடப்பேன்
இருபது நிமிஷம்.
அதற்குமேல் லீவு என்று பெயர்.

ஒரு நாள்
சோதனை நாற்காலியில் உட்கார்ந்த சிறுமி
அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:
"இந்த ஆண்ட்டி ஏன் நம்மளப் பாத்து பயப்படுறாங்க?"

கடை மூடியதும் கண்ணாடி முன் நின்றேன்.
கருவிழிக்கு மேலே வெள்ளை.
என் ஸ்கேலை எடுத்து பத்ரியா அளந்தாள்,
பொட்டெலும்பிலிருந்து விழி வரைக்கும்.
எண்ணைச் சொல்லவில்லை.
கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டிலேயே வைத்து
ஸ்கேலை நீட்டினாள்.
இருபதைத் தாண்டினாலே
டாக்டரைப் பாருங்கள் என்று
நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சூடான்காரி டாக்டர் இஹ்ஸான்
பின்னால் நின்று கழுத்தைத் தொட்டு
"முழுங்கு" என்றார்,
நர்ஸ்களிடம் கற்ற ஒற்றைச் சொல்.
முழுங்கினேன், எச்சிலையும்
இன்சூரன்ஸ் தராத தொகையையும்.
சுவரில் தைராய்டின் படம்.
எல்லாரும் பட்டாம்பூச்சி என்பார்களாம்.
எனக்கு மூக்குத் தாங்கியாய்த் தெரிந்தது:
இரண்டு பக்கம், நடுவே சின்னப் பாலம்,
எங்கோ ஒரு திருகு கழன்றது.

அம்மாவுக்குச் சொல்லவில்லை.
வீடியோ காலுக்குப் பவர் இல்லாத கண்ணாடி,
தடித்த ஃபிரேம்.
"உனக்குமா கண்ணு போச்சு?"
"கடைக்காரி போடலன்னா யாரும்மா வாங்குவா?"
சிரித்தாள்.
கொஞ்சம் உற்றுப் பார்த்தாள் என்றும் தோன்றியது.

மாத்திரை ஆரம்பித்து ஏழு வாரம்.
திருகு இரண்டாம் முயற்சியில் பூட்டுகிறது.
ஏசி இருபத்தொன்றில் நிற்கிறது,
லின்சி சாக்ஸ் போட்டுத் தூங்குகிறாள்.
விழி உள்ளே போகுமா என்றால்
"பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.
பார்ப்பதுதானே என் தொழில்.

வியாழன் மாலை.
நான் எதுவும் சொல்லவில்லை.
பத்ரியா எழுந்துபோய்
முன்பக்க விளக்குகளில் பாதியை அணைக்கிறாள்.
கடை மூடிவிட்டதென்று நினைத்து
வாசல் வரை வந்த ஒருவர்
திரும்பிப் போகிறார்.
கூப்பிட எழுந்தேன்.
பிறகு
உட்கார்ந்துவிட்டேன்.